பண்பாட்டுப் பயிலரங்குக்கு கிராண்ட் கேக்கப்போற பாம்பன் தங்கச்சிக்கு

பாம்பன் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்துச்சு: ஊர்ல கொஞ்சப்பேர் சேந்து ஒரு மன்றம் ஆரம்பிச்சு சங்கமா பதிவு பண்ணி ஒரு வருஷம் ஆகப்போகுது, ஸ்கூல் படிக்கிற புள்ளைங்களுக்கு நம்ம கடக்கரைப் பண்பாடு, நம்ம அடையாளம் இதையெல்லாம் வச்சு ஒரு பயிலரங்கு நடத்தணும், கையில காசு இல்ல, எங்க கிராண்ட், அதாவது நிதியுதவி கேக்கலாம், என்ன எழுதணும், ஒரு எடத்துக்கு எழுதிப்போட்டோம் பதிலே வரல, எதனால இருக்கும்னு. கூடவே போட்டிருந்த பட்ஜெட்டையும் அனுப்பியிருந்துச்சு. நான் ராமநாதபுரத்துல சின்னச் சின்ன அமைப்புகளுக்கு நிதி கேக்கிற விண்ணப்பம், அதான் ப்ரபோசல், எழுதிக்குடுக்கிறது, கணக்கு சரிபாக்கிறது இதுதான் பல வருஷமா வேலை, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க தங்கச்சி.

மொதல்ல பட்ஜெட்டுக்கே வர்றேன். எல்லாரும் நோக்கம், முன்னுரைனு நாலு பக்கம் எழுதிட்டு பட்ஜெட்டை கடைசி ராத்திரி உக்காந்து போடுவாங்க, ஆனா படிக்கிறவங்க நேரா அங்கதான் போவாங்க. நீங்க அனுப்பினது மொத்தம் 2 லட்சம். பந்தல், மைக்செட், சேர் 45,000. ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் 18,000. சிறப்பு விருந்தினர் வந்துபோக, தங்க 30,000. பொன்னாடை, நினைவுப்பரிசு 15,000. சாப்பாடு 52,000. போட்டோ, வீடியோ 25,000. இதர செலவு 15,000. இதுல கரையில நின்னு வலை இழுக்கிறப்போ பாடுற அம்பாப் பாட்டு சொல்லித்தரப்போற பெரியவரு எங்க இருக்காரு? கடல்பாசி எடுக்கிற அக்காமாரு எங்க? தேடிப்பாத்தா பொன்னாடைக்குள்ள இருக்காங்க. வெளியூர்ல இருந்து வந்து அரைமணி நேரம் மைக் பிடிக்கிறவருக்கு காரு, ரூமு, ஆனா புள்ளைங்களுக்கு அமர்வு அமர்வா சொல்லித்தரப்போறவங்களுக்கு ஒரு துண்டு. இத ஒரு நிதிக்குழு ஆள் பாத்தா இது பயிலரங்கு இல்ல, ஒரு விழானு ரெண்டே நிமிஷத்துல முடிவு பண்ணிருவாங்க. பதில் வராததுக்கு என்ன காரணம்னு எனக்குத் தெரியாது, ஆனா நான் அந்த நாற்காலியில இருந்தா இதுக்குத்தான் ஓரமா வச்சிருப்பேன்.

அதே 2 லட்சத்தை இப்படிப் போட்டுப்பாருங்க. எட்டு அமர்வு, புள்ளைங்க 30 பேர், மத்தவங்க 10 பேர்னு வச்சுக்குவோம். ஒரு அமர்வுக்கு ஊர் மூத்தவங்க மூணு பேர், ஆளுக்கு 1,500, எட்டு அமர்வுக்கு 36,000. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஊர் மூத்தவங்கள்ல ஆறு பேரோட ரெண்டு நாள் உக்காந்து எதச் சொல்லித்தரலாம்னு பேசணும், அதுக்கும் ஆளுக்கு நாளைக்கு 750, மொத்தம் 9,000. ஆக மூத்தவங்களுக்கு மட்டும் 45,000, நீங்க பந்தலுக்குப் போட்ட அதே தொகை. சாப்பாடு, டீ தலைக்கு 100 வீதம் 32,000. மன்றத்துல ஓடியாடி வேல பாக்கிற ரெண்டு பேருக்கு மாசம் 4,000 வீதம் நாலு மாசத்துக்கு 32,000. ரெக்கார்டர் வாடகை, ரெண்டு ஹார்ட் டிஸ்க் 20,000. ஓலை, நூலு, வலைக்கயிறு, நோட்டு 14,000. வண்டி 12,000. பாட்டையும் பேச்சையும் எழுத்துல எடுத்து ஒரு சின்னப் புத்தகமா அடிக்க 25,000. கடைசி நாள் ஊர்க்கூட்டம் 12,000. ஆடிட்டர் 8,000. கூட்டிப்பாருங்க, அதே 2 லட்சம்தான். ஃப்ளெக்ஸ் ஒன்னே ஒன்னு வேணும்னா ஊர்க்கூட்டத்து காசுலயே அடிச்சுக்கலாம், அதுல பத்து மூஞ்சி வேண்டாம். ரேட்டெல்லாம் உங்க ஊருக்குத் தக்க மாத்திக்கங்க, நான் சொல்றது பங்கு எப்படிப் பிரியுதுங்கறதை.

மூத்தவங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுனு எப்படி முடிவு பண்றதுனு கேப்பீங்க. அன்னைக்கு கடலுக்குப் போயிருந்தா, பாசிக்குப் போயிருந்தா என்ன கையில வந்திருக்குமோ அதுக்குக் கொறையக்கூடாது, அவ்வளவுதான். தெனக்கூலிக்காரவங்களை ஒரு நாள் உக்காரவச்சுட்டு டீயும் வடையும் குடுத்து அனுப்பிட்டு பண்பாட்டைக் காப்பாத்துறோம்னு சொல்லிட்டு இருக்கோம், எனக்கு அதுல கடுப்புதான்.

அடுத்தது, என்ன நடத்தப்போறீங்கங்கறது. "நமது தொன்மையான பண்பாடு அழிந்து வரும் இக்காலகட்டத்தில் இளைய தலைமுறையினரிடையே விழிப்புணர்வை ஏற்படுத்தும் நோக்கில்"னு ஆரம்பிச்சிருக்கீங்க. தங்கச்சி, கன்னியாகுமரிக்காரவங்களும் இதத்தான் எழுதுவாங்க, கும்மிடிப்பூண்டிக்காரவங்களும் இதத்தான் எழுதுவாங்க. பாம்பன்ல மட்டுந்தான் எழுத முடியும்ங்கிற ஒரு வரி மொத பத்தியில இருக்கணும். உங்க ஊர்ல இருந்து வடக்க நடந்தா ஒரு கடல், தெக்க நடந்தா இன்னொரு கடல், ஒன்னு பாக் விரிகுடா, ஒன்னு மன்னார் வளைகுடா, பெருசுங்க பெண்கடல், ஆண்கடல்னு பிரிச்சுப் பேசுவாங்க. ஒரே ஊர்க்காரன் வாடைக்காத்து காலத்துல ஒரு பக்கமும் கச்சான் காலத்துல இன்னொரு பக்கமும் படகை மாத்துறான். கொண்டல், சோழகம்னு காத்துக்கு ஒவ்வொரு பேரு, எந்தக் காத்துக்கு எந்த மீனு, எப்ப தண்ணி கலங்கும், எப்ப தெளியும்னு ஒரு பெரிய படிப்பே இருக்கு, அந்தப் படிப்புல இன்னைக்கு எட்டாவது படிக்கிற புள்ளைக்கு எத்தன தெரியும்? அதக் கேட்டு எண்ணி எழுதுங்க. முப்பது புள்ளைங்ககிட்ட காத்துப் பேரு நாலு சொல்லச்சொல்லுங்க, எத்தனை பேரு சொன்னாங்கனு அந்த நம்பரைப் போடுங்க, அது போதும், நாலு பக்க முன்னுரை வேண்டாம்.

அப்புறம் ஒன்னு ரெண்டு விஷயத்தோட நிறுத்திக்கங்க. நீங்க கும்மி, ஒயிலாட்டம், சிலம்பம், பனையோலை, கடல் உணவு, சேதுபதி வரலாறு, கோயில் கல்வெட்டு, தெருக்கூத்துனு எட்டு அமர்வுக்கு எட்டு தலைப்பு போட்டிருக்கீங்க. தெருக்கூத்து வடமாவட்டத்துக் கலை, நம்ம கரையில யாரு ஆடுறா? கேக்கிறவங்களுக்கு நல்லா இருக்கும்னு சேத்த மாதிரி தெரியுது. அதுக்குப் பதிலா உங்க ஊர்ப் பக்கத்துல சின்னப்பாலம் இருக்கு, அங்க பாசி எடுக்கப்போற பொம்பளைங்க பழைய துணியக் கிழிச்சு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா இறுக்கிச் சுத்துறாங்க பாருங்க, பாறையில கை கிழியாம இருக்க, அத ஒரு தடவை கிட்ட உக்காந்து பாத்திருக்கீங்களா? பல்லால ஒரு முனையைக் கடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சுத்திக்கிட்டே வாய் ஓயாம அன்னைக்கு நீரோட்டம் எப்படி, எந்தப் பக்கம் இறங்கலாம்னு பேசிட்டு இருப்பாங்க. அப்புறம் கண்ணுக்கு மாஸ்க்கை மாட்டிக்கிட்டு கிளம்பிருவாங்க. அந்த ஒரு மணி நேரத்துல உடம்பு, கடல், வேல, பாட்டு, பகடி எல்லாம் இருக்கு. ஒரு அமர்வு முழுக்க அதுவே போதும், புள்ளைங்க விரல்ல துணி சுத்திப்பாத்து, மூச்சடக்கிப் பாத்து, என்னென்ன பாசி, எத எப்ப எடுக்கக்கூடாதுனு அவங்க வாயால கேக்கட்டும். இதுல பாதிப் புள்ளைங்களுக்கு அது சொந்த அம்மா, சித்தியாத்தான் இருக்கும், அம்மா ஒரு நாள் டீச்சரா முன்னாடி உக்காந்து அதுக்குச் சம்பளமும் வாங்கிறதைப் புள்ளை பாக்குது பாருங்க, நீங்க அடையாளம் அடையாளம்னு எழுதியிருக்கிறது அதுதான்.

கரைவலையும் அப்படித்தான். அம்பாப் பாட்டு ஸ்டேஜ்ல பாடுற பாட்டு இல்ல, வலையை இழுக்கிற இழுப்புக்கு பாடுறது, ஏலேலோனு ஒருத்தர் எடுக்க மத்தவங்க வாங்கிப் பாடணும். ஹால்ல நாற்காலியில உக்காரவச்சு பாடச்சொன்னா பெரியவங்களுக்கே வரி மறந்துரும். கரையில ஒரு கயித்தைக் குடுங்க, புள்ளைங்களையும் சேத்து இழுக்கச்சொல்லுங்க, தானா வரும். இத ப்ரபோசல்ல அப்படியே எழுதுங்க, இடம்: கடற்கரை, காரணம் இதுனு. பந்தல் செலவும் மிச்சம்.

அடையாளம்ங்கிற சொல்லைப் போட்டதால ஒரு எச்சரிக்கை. நம்ம கரையில ஒரு பத்து கிலோமீட்டருக்குள்ள சர்ச்சு, பள்ளிவாசல், கோயில் மூணையும் நம்பி கடலுக்குப் போற சனம் இருக்கு. வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரைனு போனா அரபுத்தமிழ்ல, அதாவது தமிழை அரபு எழுத்துல எழுதின பழைய ஏடு, பாட்டுப் புத்தகம் இன்னமும் சில வீட்டுப் பெட்டிக்குள்ள இருக்கு, வள்ளல் சீதக்காதி பேரு சொல்லாத ஆள் கிடையாது. தங்கச்சிமடத்துப் பக்கம் போனா தவக்காலப் பாட்டு. இதுல ஒரு சமூகத்தோட அடையாளம்னு எழுதினா ஊர்ல சண்டை, நிதி குடுக்கிறவனும் பயந்துருவான், பல திட்டத்துல மதப் பிரச்சாரத்துக்கும் அரசியலுக்கும் காசு தரமாட்டோம்னு விதியே இருக்கு. சாதிப் பெருமை பேசுற மேடையா ஆயிரும்னு சந்தேகம் வந்தாலே தூக்கிப்போட்டுருவாங்க. வேலையிலயும் கடல்லயும் எல்லாருக்கும் பொதுவா இருக்கிறத நடுவுல வைங்க, அதச்சுத்தி அவங்கவங்க பாட்டு, சோறு, சடங்கு வரட்டும். ஊர்த் தலைவர், ஜமாஅத், பங்குச் சாமியார் மூணு பேர்கிட்டயும் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி இணைச்சீங்கன்னா அது நூறு சர்டிபிகேட்டுக்குச் சமம். அந்தக் கடிதத்த லெட்டர்பேடுல வாங்குங்க, வாட்ஸப்ல வந்த சரிங்கிறதெல்லாம் செல்லாது.

இப்ப யார்கிட்ட கேக்கிறதுனு பாப்போம். நீங்க நேரா டெல்லி கலாச்சார அமைச்சகத்துக்குப் போகணும்னு நெனச்சிருக்கீங்க. கலா சமஸ்கிருதி விகாஸ் யோஜனானு ஒரு பெரிய குடைக்குள்ள பல திட்டம் இருக்கு, அதுல பண்பாட்டு நிகழ்ச்சி மற்றும் தயாரிப்புக்கான நிதினு ஒன்னு, பயிலரங்கு, கருத்தரங்கு, விழா, கண்காட்சி இதுக்கெல்லாம் சங்கம், டிரஸ்ட் மாதிரி அமைப்புகளுக்குக் குடுக்கிறது, சாதாரணமா 5 லட்சம் வரைக்கும். மொத்தச் செலவையும் தரமாட்டாங்க, ஒரு பங்கை நீங்க போடணும், வர்ற காசும் ரெண்டு தவணையாத்தான் வரும், ரெண்டாவது தவணை நீங்க செலவுபண்ணி கணக்குக் குடுத்த பிறகு. ஆக மொதல்ல கைக்காசு போட்டுட்டு காத்திருக்கத் தெம்பு வேணும். அதோட பதிவு பண்ணி மூணு வருஷம் ஆகியிருக்கணும், தணிக்கை பண்ணின கணக்கு வேணும், தொண்டு அமைப்புங்க பதிவு பண்ற என்ஜிஓ தர்பன்ங்கிற அரசாங்க இணையதளத்துல நம்பர் வேணும். உங்களுக்கு ஒரு வருஷந்தான் ஆகுது. அதனால இப்போதைக்கு இத விட்டுருங்க, ஆனா தர்பன் நம்பரை மட்டும் இப்பவே வாங்கிவைங்க, காசு கிடையாது, பான் கார்டும் நிர்வாகிங்க விவரமும் இருந்தா முடிஞ்சது.

தஞ்சாவூர்ல தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கு, நாட்டுல இருக்கிற ஏழு மண்டலப் பண்பாட்டு மையத்துல ஒன்னு. அவங்ககிட்ட காசு கேட்டுப் போறதைவிட அவங்க நடத்துற குரு சிஷ்ய பரம்பரைத் திட்டத்தைக் கேளுங்க. அருகிப்போற ஒரு கலையில ஒரு ஆசான், கூட வாசிக்கிறவரு, சில மாணவருங்க, எல்லாருக்கும் மாசாமாசம் ஒரு தொகை. அம்பாப் பாட்டுக்கோ ஒயிலுக்கோ உங்க ஊர்ல ஒரு நல்ல வாத்தியார் இருந்தா அவரு பேர்ல போட்டுப்பாக்கலாம். காசு மன்றத்துக்கு வராது, அவருக்குத்தான் போகும், அது நல்லதுதானே.

மாநிலத்துல கலை பண்பாட்டுத் துறை, இயல் இசை நாடக மன்றம், மாவட்ட அளவுல கலை மன்றம் இருக்கு. மாவட்ட மன்றம் கலெக்டரைத் தலைவரா வச்சு நடக்கிறது, வருஷாவருஷம் கலை இளமணியில இருந்து கலை முதுமணி வரைக்கும் வயசுக்குத் தக்க விருது குடுப்பாங்க. உங்க பெருசுங்கள்ல தகுதியானவங்களுக்கு அதுக்கு எழுதிப்போடுங்க. அதோட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல அவங்களை உறுப்பினரா சேத்துவிடுங்க. இது கிராண்ட் இல்லதான், ஆனா நாளைக்கு நீங்க ப்ரபோசல்ல இன்னார் ஆசான்னு எழுதும்போது ஒரு வாரிய அட்டை நம்பர் இருந்தா கேள்வியே வராது, அவருக்கும் வயசான காலத்துல ஒரு பிடி.

ஒரு வருஷ மன்றத்துக்கு உண்மையிலேயே தோதானது ரெண்டு வழி. ஒன்னு, அமைப்பு பேர்ல கேக்காம ஆள் பேர்ல கேக்கிறது. பெங்களூர்ல இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்னு 1993ல ஆரம்பிச்ச ஒரு நிறுவனம் இருக்கு, அவங்க தனி ஆளுக்கும் ஆராய்ச்சி, கலைச் செயல்பாடுனு தருவாங்க, விண்ணப்பத்தை தமிழ்லயே எழுதலாம். இதத்தான் நான் மொதல்ல பாக்கச்சொல்லுவேன். ஏன்னா உங்க பேச்சுல இருக்கிற உயிரு நீங்க இங்கிலீஷ்ல எழுதின பக்கத்துல இல்ல, யாரோ கம்ப்யூட்டர் சென்டர்ல மொழிபெயர்த்துக் குடுத்த மாதிரி இருக்கு. ஆனா வெறும் பயிலரங்கு நடத்துறேன்னா அவங்க ஒத்துக்கமாட்டாங்க, ஒரு கேள்வி இருக்கணும், எதத் தேடுறீங்கனு. கரைவலை நின்ன ஊர்ல அம்பாப் பாட்டு எங்க போச்சு, வேற எந்த வேலையில போய் ஒட்டிக்கிச்சு, இந்த மாதிரி. பயிலரங்கு அதத் தேடுற வழியா வரணும்.

கலாச்சார அமைச்சகம் தர்ற ஜூனியர், சீனியர் பெல்லோஷிப்பும் ஆள் பேர்லதான், 25ல இருந்து 40 வயசு வரைக்கும் மாசம் 10,000, அதுக்கு மேல 20,000, ரெண்டு வருஷம். அது ஆய்வுக்கு, பயிலரங்குக்கு இல்ல. மன்றத்துல நாட்டார் வழக்காறோ வரலாறோ படிச்ச ஆள் இருந்தா போடட்டும், இல்லன்னா விடுங்க.

ரெண்டாவது வழி, வயசான அமைப்போட தோளைப் பிடிச்சு ஏறுறது. பாம்பன்லயே கடல் ஓசைனு 90.4ல ஒரு சமுதாய வானொலி மீனவங்களுக்காக நடக்குது, மாவட்டத்துல காலேஜுங்க இருக்கு, பாளையங்கோட்டை தூய சவேரியார் காலேஜ்ல நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கு. இந்த மாதிரி ஒரு இடத்தை முன்னாடி வச்சு நீங்க களப் பங்காளியா உள்ள போங்க. ஆனா யாரு என்ன செய்யணும், யாருக்கு எவ்வளவு, பதிவு பண்ணின ஒலி யார்கிட்ட இருக்கணும்னு மொதல்லயே ஒரு பக்கம் ஒப்பந்தம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுருங்க. வாய்ப்பேச்சுல போன ஒரு குழு எனக்குத் தெரியும், வேலையெல்லாம் அவங்க பண்ணினாங்க, கடைசியில அறிக்கையில நன்றி பக்கத்துல மட்டும் பேரு வந்துச்சு.

கம்பெனி காசு, அதாவது சிஎஸ்ஆர். 2013 கம்பெனி சட்டத்துல 135வது பிரிவு, பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும்னு சொல்லுது, அதுல எதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்ங்கிற பட்டியல்ல கலை, பண்பாடு, பாரம்பரியக் கைவினை எல்லாம் இருக்கு, தாங்கள் தொழில் நடத்துற வட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் இருக்கு. அது வாங்க உங்களுக்கு 12ஏ (அமைப்போட வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தர்றவருக்கு வரிச் சலுகை)னு ரெண்டு வருமானவரிப் பதிவும், அதுக்கப்புறம் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு ஒரு நம்பரும் வேணும், இதே மாதிரி வேலைய மூணு வருஷமாச் செஞ்சிருக்கவும் வேணும். வருமானவரிப் பதிவை மட்டும் இப்பவே வாங்கி வைங்க, புது அமைப்புக்கு மொதல்ல தற்காலிகமா தருவாங்க, ஆடிட்டர்கிட்ட சொன்னா ஆன்லைன்லயே முடிச்சிருவாரு. நிதியாண்டு மார்ச் 31ல முடியுது, அடுத்த வருஷத்துத் திட்டம் போடுற நேரத்துல போய் நின்னாத்தான் உண்டு. அப்புறம் இன்னொன்னு, எந்தக் கம்பெனி மேல மீனவ சங்கத்துக்குக் கோவம் இருக்கோ அந்தக் காசு வேண்டவே வேண்டாம், 2 லட்சத்துக்காக ஊரு ரெண்டாப் போயிரும், அப்புறம் எந்தப் பாட்டியும் உங்களுக்குப் பாட வரமாட்டாங்க.

வெளிநாட்டுக் காசு பத்தி கேட்டிருந்தீங்க. எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாம ஒரு ரூபா வாங்கக்கூடாது. பதிவுக்கு அமைப்பு ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகியிருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் செலவழிச்சிருக்கணும், கணக்கும் டெல்லியில ஸ்டேட் பேங்க்ல அந்த ஒரே கிளையிலதான். உங்களுக்கு இது இப்ப ஆகாது. ஆனா நம்ம கரையில இது வேற மாதிரி வந்து மாட்டும், அதனால சொல்றேன். துபாய்ல இருக்கிற மாமா, சிங்கப்பூர்ல இருக்கிற மச்சான் மன்றத்துக்குக் காசு அனுப்புறேம்பாங்க. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவரு பேங்க் வழியா முறையா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. சிங்கப்பூர் சிட்டிசன் ஆயிட்டவரு அனுப்பினா வரும், சொந்த அண்ணனா இருந்தாலும் சரி, மன்றத்துக் கணக்குல விழுந்தா அது குத்தம். அதனால வாங்குறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் நகல் ஒன்னு கேட்டு வாங்கி ஃபைல்ல வைங்க. கோவிச்சுக்குவாங்கதான், பரவால்ல.

தேதி. நீங்க நவம்பர், டிசம்பர்னு போட்டிருக்கீங்க, அது நமக்கு மழையும் புயலும் வர்ற காலம், 1964ல புயல்ல தனுஷ்கோடி போனது டிசம்பர்லதான், பெருசுங்க யாருக்கும் மறக்கல. கெழக்குக் கரைக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரங்க எல்லாம் கரையில இருப்பாங்க, புள்ளைங்களுக்கு லீவு. எட்டு அமர்வையும் அதுக்குள்ள அடக்கலாம். நாட்டுப்படகுக்காரங்க அப்பவும் கடலுக்குப் போவாங்க, அவங்க நாளைக் கேட்டு வைங்க. வெள்ளி, ஞாயிறு தொழுகை, பூசை நேரத்தைத் தவிருங்க. இந்தக் காரணத்தையெல்லாம் காலஅட்டவணைக்குப் பக்கத்துலயே ஒரு வரியில எழுதுங்க, எழுதினவங்க ஊர்க்காரங்கதான்னு படிக்கிறவருக்குத் தெரிஞ்சிரும்.

பெருசுங்க பாட்டையும் பேச்சையும் ஒலியா பதிவு பண்றதுல ஒரு விஷயம், இத யாரும் யோசிக்கிறதில்ல. பெருசுங்ககிட்ட மைக்கை நீட்டினா அந்தக் காலத்துல கடல் அட்டை எடுத்தது, பவளப்பாறை வெட்டுனது எல்லாம் பெருமையா சொல்லுவாங்க. கடல் அட்டை 2001ல இருந்து வனவிலங்குச் சட்டத்துல தடை, பவளமும் அப்படித்தான், மன்னார் வளைகுடாத் தீவுங்க 21ம் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு, அனுமதியில்லாம கால் வைக்கக்கூடாது. நீங்க பதிவை யூடியூப்ல போட்டு அதுல ஒருத்தரு பேரோட, ஊரோட நான் அட்டைக்குப் போவேன்னு சொன்னது இருந்தா, அவரு பழசைத்தான் சொன்னாருனு யாருகிட்டப் போய் விளக்குவீங்க. அதனால பதிவு பண்ணினதை மொதல்ல அவங்களுக்கே போட்டுக்காட்டி, எது வெளிய போகலாம், எது ஊருக்குள்ள மட்டும், எதை அழிக்கணும்னு கேட்டு எழுதி வாங்குங்க. எழுதத் தெரியாதவங்கன்னா அந்தச் சம்மதத்தையே ஒலியா பதிவு பண்ணுங்க. ஒரு ஹார்ட் டிஸ்க் ஊர் நூலகத்துலயோ பள்ளியிலயோ இருக்கட்டும். அதுக்குத்தான் பட்ஜெட்ல ரெண்டு போட்டேன். சம்மதப் படிவத்து நகலை ப்ரபோசல்லயே இணைச்சிருங்க, இத இணைக்கிற சின்ன அமைப்புங்க ரொம்பக் கம்மி, அதனாலயே கண்ணுல படும்.

காசு வந்தபிறகு வர்ற தலைவலிய இப்பவே சொல்லிர்றேன். திட்டத்துக்குத் தனி பேங்க் கணக்கு வச்சுக்கங்க, முடியலன்னா தனி லெட்ஜர். அரசாங்கக் காசுன்னா பயன்பாட்டுச் சான்றிதழ் குடுக்கணும், 12-ஏ படிவம்னு சொல்லுவாங்க, வருமானவரி 12ஏ வேற இது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மிச்சப் பணத்தையும் அது ஈட்டுன வட்டியையும் திருப்பிக் கட்டணும். மூத்தவங்களுக்குக் குடுக்கிற 1,500க்கு வவுச்சர்ல கையெழுத்து, இல்லன்னா கைரேகை, பக்கத்துல ஒரு சாட்சி, தேதி, என்ன அமர்வு. ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000க்கு மேல ரொக்கமா குடுக்காதீங்க, 5,000க்கு மேல வாங்கினா ரசீதுல ஒரு ரூபா ஸ்டாம்பு. மீன் மார்க்கெட்ல வாங்குற மீனுக்கு பில்லு கிடைக்காது, அதுக்கும் நீங்களே ஒரு வவுச்சர் எழுதி ஏலக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கங்க, ஆடிட்டர் ஏத்துக்குவாரு, ஆனா இதர செலவு 15,000னு ஒத்த வரியில எழுதினா ஏத்துக்கமாட்டாரு. அதான் அந்த வரியையே எடுத்துட்டேன்.

பலன் என்னனு ஒரு கட்டம் இருக்கும், அதுல "300 பேர் விழிப்புணர்வு பெறுவர்"னு எழுதியிருக்கீங்க, முப்பது புள்ளைங்களுக்கு நடத்திட்டு முன்னூறு எங்க இருந்து வந்துச்சு? முப்பது புள்ளைங்க, ஆளுக்கு ரெண்டு பாட்டு பாடுவாங்க, காத்தையும் மீனையும் பேர் சொல்லுவாங்க, ஒரு புத்தகம், இத்தன மணி நேர ஒலிப்பதிவு, இவ்வளவு எழுதினா போதும். ஆரம்பத்துல காத்துப் பேரு கேட்டு எண்ணினீங்கல்ல, அதையே கடைசி அமர்வுலயும் கேட்டு எண்ணுங்க, ரெண்டு நம்பரையும் அறிக்கையில போடுங்க.

கிராண்ட் எதுவும் வராட்டியும் தடைக்காலத்துல ரெண்டு அமர்வை மட்டும் ஊர்க்காசுல நடத்திருங்க தங்கச்சி. மேல போட்ட கணக்குப்படி மூத்தவங்களுக்கும் சாப்பாட்டுக்கும் சேத்து ஒரு அமர்வு 8,500தான் வருது, ரெண்டுக்கு 17,000. அந்த வவுச்சர், பத்து நிமிஷ ஒலிப்பதிவு, நாலு போட்டோ, இதோட அடுத்த வருஷம் கேட்டீங்கன்னா, மூணு வருஷ விதி இல்லாத இடத்துல மன்றத்து வயசைப் பத்தி யாரும் ரொம்பக் கேக்கமாட்டாங்க. இந்த வருஷக் கணக்கை ஆடிட்டர்கிட்ட குடுத்து பொதுக்குழுவுல வச்சு, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணிட்டு அந்த ரசீதை மறக்காம ஸ்கேன் பண்ணி வைங்க, மூணு வருஷக் கணக்கு கேக்கும்போது பாதிப்பேரு தடுமாறுறது அந்த மொத வருஷ ரசீதுலதான். திருத்தின பட்ஜெட்டை அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்.